சைக்கிள் கிராங்கை எது பிடித்திருக்கிறது?

பெடல் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை "டக்" என்று ஒரு சத்தம். சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் எப்போதாவது கேட்டிருப்போம். கடைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து கிராங்க் நட்டை ஒரு அழுத்து அழுத்தித் தருவார். இரண்டு நாள் சத்தம் இருக்காது. மூன்றாம் நாள் திரும்பவும் "டக்". மறுபடி கடை, மறுபடி ஒரு அழுத்து. இப்படியே போய் ஒருநாள் நட்டின் மரை போய்விடும், இல்லாவிட்டால் கிராங்க் காலோடு கழன்று வந்துவிடும். எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் கிராங்க் கழன்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

நட்டை இறுக்கினால் கிராங்க் இறுகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிராங்கை அச்சில் பிடித்து வைத்திருப்பது அந்த நட்டு கிடையாது. இது புரியாமல்தான் பாதிப் பேர் கிராங்கைக் கெடுக்கிறார்கள். கடந்த சில மாதங்களாக நேரம் கிடைக்கும்போது இதைப் பற்றிப் படித்ததையும், வீட்டு பால்கனியில் மூன்று வகை கிராங்குகளைக் கழற்றி மாட்டிப் பார்த்ததையும் வைத்து இந்தக் குறிப்பு. கொஞ்சம் கணக்கு வரும். பத்தாம் வகுப்பு அளவுதான், பயப்பட வேண்டாம்.

முதலில் பெயர்கள். பெடல் கட்டையைத் தாங்குகிற கை கிராங்க். இரண்டு கிராங்கையும் இணைத்து, பிரேமின் அடியில் இருக்கும் குறுக்குக் குழாய்க்குள் பால்ரஸ் மேல் சுழல்வது அச்சு. கடையில் பி.பி. ஆக்சில் என்பார்கள். செயின் ஓடுகிற பெரிய பல்சக்கரம் வலது கிராங்கோடு சேர்ந்தே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் சீட்டை விட்டு எழுந்து, முன்னால் கிடைமட்டமாக இருக்கும் பெடல் மேல் முழு எடையையும் போடுகிறார். கிராங்கின் நீளம் 170 மி.மீ. என்றால் முறுக்கு விசை 70 × 9.8 × 0.17, அதாவது சுமார் 117 நியூட்டன் மீட்டர். வலது காலால் மிதித்தால் இந்த முறுக்கு கிராங்கிலிருந்து நேராகப் பல்சக்கரத்துக்குப் போய்விடும், அச்சு வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. இடது காலால் மிதித்தால்தான் சுற்றுவழி: இடது கிராங்க், இடது இணைப்பு, அச்சு, வலது இணைப்பு, அப்புறம் பல்சக்கரம். அதே நேரத்தில் அந்தக் காலின் எடை இடது இணைப்பை வளைக்கவும் பார்க்கிறது. முறுக்கும் வளைவும் ஒரே சமயத்தில் விழுவது இடது பக்கத்தில் மட்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இறக்கத்தில் மிதிக்காமல், வலது காலை முன்னால் வைத்து இரண்டு பெடலிலும் எழுந்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் இடது பெடலில் விழும் எடை இடது கிராங்கைத் தலைகீழ்த் திசையில் முறுக்கும். மிதிக்கும்போது முன்பக்கம், நிற்கும்போது பின்பக்கம் என்று இடது இணைப்பை மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டே இருக்கிறோம். அதனால் சத்தம் வந்தால் முதல் சந்தேகம் இடது கிராங்க் மேல்தான் விழ வேண்டும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் இந்த இணைப்பை 3,600 தடவை சோதிக்கிறார். துளியளவு ஆட்டம் இருந்தாலும் அது தானாகப் பெரிதாகும்.

கறுப்பு சைக்கிளும் காட்டர் பின்னும்

1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலையிலிருந்து வந்த பழைய ஹெர்குலிஸ் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதன் கிராங்கைப் போய்ப் பாருங்கள். அச்சு கிராங்குக்குள் நுழையும் இடத்தில், அச்சுக்குக் குறுக்கே ஒரு இரும்பு ஆணி ஊடுருவிப் போகும். ஒரு முனையில் சின்ன நட்டு. இதுதான் காட்டர் பின். பால்காரர் வண்டி, வாடகை சைக்கிள், தாத்தாவின் வண்டி எல்லாவற்றிலும் இதுதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட ஏற்பாடு.

அச்சு 16 மி.மீ. உருளை. அதன் முனைக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான வெட்டு இருக்கும். காட்டர் பின்னும் உருளைதான், ஆனால் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். பின்னை அடித்து இறக்க இறக்க, அந்தச் சரிவுப் பக்கம் அச்சின் தட்டைப் பக்கத்தோடு நெருங்கி நெருங்கிக் கடைசியில் இறுகிப் போகும். மண்வெட்டிக் காம்பில் ஆப்பு அடிக்கிற அதே வேலை. சைக்கிளை ஓட வைப்பதே நாம் வைத்த ஆப்புதான்!

ஆப்பின் ரகசியம் சரிவு எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. சரிவுக் கோணத்தின் டேன் மதிப்பு உராய்வுக் குணகத்தை விடக் குறைவாக இருந்தால், அடித்த ஆப்பு தானாக வெளியே வராது. அடித்தவர் கையை எடுத்துவிட்டாலும் உராய்வே அதைப் பிடித்துக்கொள்ளும். யாராவது வேலை மெனக்கெட்டுப் பிடுங்கினால்தான் வரும். ஆப்பசைத்த குரங்குக்கு இது தெரியும்.

அப்படியானால் அந்த நட்டு எதற்கு? மாட்டுவண்டியில் அச்சாணி பார்க்கிற வேலைக்குத்தான். அச்சாணி சக்கரத்தைச் சுற்ற வைப்பதில்லை, வெளியே நழுவாமல் தடுக்கிறது, அவ்வளவே. காட்டர் நட்டும் அதிர்ச்சியில் பின் மெல்லப் பின்வாங்காமல் பார்த்துக்கொள்கிற காவல்காரர் மட்டுமே. அதன் மரை சின்னது. பின்னை உள்ளே இழுக்க நட்டைப் பயன்படுத்தினால், ஆப்பு சரியாக உட்காருவதற்கு முன்பே மரை அறுந்துவிடும். சத்தம் வரும்போதெல்லாம் நட்டை மட்டும் இறுக்கும் கடைகளில் நடப்பது இதுதான்.

சரி, எப்படி மாட்டுவது? முதலில் அளவு. பிரிட்டிஷ் வழி வந்த சைக்கிள்களில் பின் 9.5 மி.மீ., வேறு பல நாட்டு வண்டிகளில் 9 மி.மீ. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 9.5 துளையில் 9 பின்னைப் போட்டால் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. பழைய பின்னைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் வாங்குவது நல்லது. பழையதையே திரும்பப் போடுவது வேண்டாம். அதன் சரிவில் அச்சின் விளிம்பு பதிந்து பள்ளம் விழுந்திருக்கும், அந்தப் பள்ளம் திரும்ப ஆட்டம் கொடுக்கும். சில ரூபாய் விஷயம்.

புதுப் பின் பல சமயம் போதுமான ஆழத்துக்கு இறங்காது. சரிவுப் பக்கத்தை அரத்தால் ராவ வேண்டியிருக்கும். இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் அவசரக்காரரும் பிரிகிறார்கள். அரம் தட்டையாகப் போக வேண்டும், கோணம் மாறக் கூடாது, நடுவில் மேடு தட்டக் கூடாது. வலது பின்னை எவ்வளவு ராவினோமோ இடதையும் அதே அளவு ராவ வேண்டும். ஒன்று ஆழமாகவும் இன்னொன்று மேலாகவும் உட்கார்ந்தால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. மிதிக்கும்போது கால் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டும்.

திசையும் முக்கியம். வலது கிராங்க் முன்னால் கிடைமட்டமாக இருக்கும்போது அதன் நட்டு தரையைப் பார்க்கிறது என்றால், அரைச் சுற்று சுற்றி இடது கிராங்க் முன்னால் வரும்போது இடது நட்டும் தரையைப் பார்க்க வேண்டும். வேறு மாதிரி சொன்னால், எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டு நட்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் பின்னைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்து சுத்தியல். கிராங்கை அந்தரத்தில் விட்டுப் பின்னை அடித்தால் அடியின் பாதி பின்னுக்குப் போகும், மீதி அச்சு வழியாக பால்ரஸ் குண்டுகளுக்குப் போகும். குண்டுகள் கப்பில் பள்ளம் பதித்துவிடும். அப்புறம் பெடல் சுற்றினால் கரகரவென்று இருக்கும், அதற்கு மருந்தே கிடையாது, கப்பை மாற்ற வேண்டியதுதான். அதனால் தரையிலிருந்து கிராங்க் வரைக்கும் உயரம் சரியாக வருகிற மாதிரி ஒரு இரும்புக் குழாய்த் துண்டை வெட்டி, பின்னின் மரை முனை குழாய்க்குள் இறங்கும்படி கிராங்குக்கு முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். இப்போது அடி முழுவதும் ஆப்புக்கே போகும். பயந்து பயந்து பத்து தட்டு தட்டுவதை விட, கனமான சுத்தியலால் நிதானமாக இரண்டு மூன்று அடி மேல். பிறகு வாஷரைப் போட்டு நட்டை அளவோடு இறுக்கினால் போதும்.

கழற்றும்போதும் இதே முட்டு வேண்டும், குழாயைப் பின்னின் தலைப் பக்கம் வைத்து. நட்டை முழுக்கக் கழற்றாமல், அதன் விளிம்பும் மரையின் முனையும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தளர்த்திவிட்டு நட்டின் மேல் அடித்தால் மரை நசுங்காது.

காட்டர் பின் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகு திரும்ப முட்டுக் கொடுத்து ஒரு அடி அடித்து, தளர்ந்திருக்கும் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். ராவிய பரப்பில் இருக்கும் நுண்ணிய மேடுகள் ஓட்டத்தில் அமுங்கி ஆப்பு சற்றுத் தளர்ந்திருக்கும். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவது அடியைத்தான்.

சதுர முனையும் 2 டிகிரியும்

கியர் சைக்கிள்களில் காட்டர் பின் போய்விட்டது. பிரான்சின் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் 1933-ல் அலுமினியக் கிராங்கைச் சதுர முனை அச்சில் மாட்டும் முறையைக் கொண்டுவந்தது. இன்றும் விலை குறைவான, நடுத்தர விலையுள்ள சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான். அச்சின் முனை சதுரமாக, வெளிப்பக்கம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு பக்கமும் 2 டிகிரி சரிவு. கிராங்கிலும் அதே சரிவில் சதுரத் துளை. நடுவில் ஒரு போல்ட் கிராங்கை அச்சின் மேல் தள்ளி ஏற்றுகிறது.

இதுவும் ஆப்புதான். ஒரு பக்க ஆப்புக்குப் பதில் நான்கு பக்க ஆப்பு. 2 டிகிரியின் டேன் மதிப்பு 0.035. கிரீஸ் தடவிய உலோகத்தின் உராய்வுக் குணகம்கூட 0.1 வாக்கில் இருக்கும். எனவே இது தானாகப் பிடித்துக்கொள்ளும் ஆப்பு. சோதித்துப் பார்க்க வேண்டுமா? போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் இழுத்துப் பாருங்கள், வராது. அதைக் கழற்ற கிராங்க் புல்லர் என்று தனியாக ஒரு கருவி வேண்டும். நட்டு பிடிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

(புல்லரைப் பற்றி ஒரு வரி: போல்ட்டோடு அதன் வாஷரும் வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, புல்லரைக் கிராங்கின் மரையில் கடைசி வரை ஏற்றிய பிறகே திருகுங்கள். வாஷர் உள்ளே கிடந்தாலோ, புல்லர் பாதி மரையில் நின்றாலோ அந்த அலுமினிய மரை சுத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்கப்புறம் கிராங்கைக் கழற்றுவது பெரும்பாடு.)

இப்போது கணக்கு. இந்த போல்ட்டுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் இறுக்கம் சுமார் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். 40 என்று வைத்துக்கொள்வோம். 8 மி.மீ. போல்ட்டில் 40 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், வழக்கமான பொறியியல் சூத்திரப்படி சுமார் 25,000 நியூட்டன் இழுவிசை கிடைக்கும். இரண்டரை டன் எடைக்குச் சமம். இந்த விசை கிராங்கைச் சரிவில் ஏற்றும்போது, உராய்வுக் குணகம் 0.15 என்றால், நான்கு பக்கத்திலும் தலா 34,000 நியூட்டன் அழுத்தம் உருவாகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்றரை டன்.

எதற்கு இவ்வளவு? முன்பு பார்த்த 117 நியூட்டன் மீட்டரை நான்கு பக்கமும் பகிர்ந்தால் தலா 29. இந்த முறுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஓரத்தை அமுக்கி, மறு ஓரத்தைத் தூக்கப் பார்க்கும். தொடுகிற அகலம் 10 மி.மீ. என்று எடுத்தால், 34,000 நியூட்டன் அழுத்தத்தில் மறு ஓரம் தூக்கிக்கொள்ள ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 56 நியூட்டன் மீட்டர் வேண்டும். நம்மிடம் இருப்பது 29. எனவே எந்த ஓரமும் விலகாது, கிராங்கும் அச்சும் ஒரே இரும்புத் துண்டு மாதிரி நடந்துகொள்ளும். அதே போல்ட்டை 10 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் இறுக்கியிருந்தால்? அழுத்தம் நாலில் ஒரு பங்காகிறது. தாங்கும் அளவு 14. வருவது 29. ஓரம் ஒவ்வொரு மிதிக்கும் தூக்கித் தூக்கி விழும். "டக்". அச்சு எஃகு, கிராங்க் அலுமினியம். யார் தேய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இது தோராயக் கணக்குதான், காலின் எடையால் வரும் வளைவைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும், முடிவு மாறாது.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு பையனின் கியர் சைக்கிளில் இதை நேரில் பார்த்தேன். பழைய வண்டி வாங்கி, இடது கிராங்க் ஆடுகிறது என்று ஒரு கடைக்குப் போயிருக்கிறான். அங்கே குளிர்பான டின்னை வெட்டி, அந்தத் தகட்டை இடுக்கில் செருகி இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் ஓடியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் சதுரத் துளையின் மூலைகள் உருண்டு, கிட்டத்தட்ட வட்டமாகவே மாறிப் போயிருந்தது. அந்தத் துளை இனி அச்சோடு சீராகத் தொடாது, எத்தனை டன் கொடுத்தாலும் பயனில்லை. "அங்கிள், இன்னும் கொஞ்சம் டைட் பண்ணா போதாதா?" என்று கேட்டான். போதாதுடா, இடது கிராங்க் புதுசு வாங்கு என்றேன். நல்லவேளையாக இடது கிராங்க் மட்டும் தனியாகக் கிடைக்கிறது.

டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் 40 நியூட்டன் மீட்டரை எப்படி அளப்பது? 20 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் முனையில் சுமார் 20 கிலோ எடை. வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேனை அந்த முனையில் தொங்கவிட்டது போல. நாம் "நல்லா டைட்டா இருக்கு" என்று நினைக்கும் இடத்தைத் தாண்டியே அது இருக்கும். தனியாளாகச் செய்யும்போது பெரும்பாலும் குறைவாகத்தான் இறுக்குகிறோம்.

சைக்கிள்காரர்கள் தீராமல் சண்டை போடும் ஒரு கேள்வி: சதுர முனையில் கிரீஸ் தடவலாமா? கூடாது என்பது பழைய கடைக்காரர்கள் பலரின் சட்டம். தடவினால் கிராங்க் அதிகமாக ஏறி வெடித்துவிடும் என்பது அவர்கள் காரணம். சக்கரங்களின் இயக்கவியல் பற்றி "தி பைசைக்கிள் வீல்" என்ற புத்தகத்தை 1981-ல் எழுதிய பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் தடவ வேண்டும் என்ற கட்சி. நம் கணக்கில் உராய்வை 0.15-லிருந்து 0.1 ஆக்கிப் பார்த்தால், அதே 40 நியூட்டன் மீட்டருக்குப் பக்க அழுத்தம் 34,000-லிருந்து 46,000 நியூட்டனாக ஏறுகிறது. ஆக இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது. கிரீஸ் போட்டால் பிடிப்பும் கூடும், துளை விரிவதும் கூடும். என் முடிவு: துடைத்து எடுத்த மாதிரி மெல்லிய படலம் மட்டும் தடவி, இறுக்கத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவின் கீழ்ப்பாதியில், 35-40-க்குள் வைப்பது. காய்ந்த நிலையில் எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அழுத்தம் சீராகப் பரவாமல் போவது எனக்கு அதிகக் கவலை தருகிறது. கடலோர ஊர்களில் துருவும் ஒரு காரணம்.

இதைவிட முக்கியமானது அடுத்த விஷயம். காட்டர் பின்னை ஓட்டிய பிறகு மறுபடி அடிக்க வேண்டும் என்று சொன்னேன். சதுர முனையில் அதே பழக்கம் ஆபத்து. ஓட்டும்போது வளைவு விசையால் கிராங்க் நெளிந்து நெளிந்து மயிரிழை அளவு உள்நோக்கி ஏறும். அதனால் போல்ட் லேசாகத் தளர்ந்த மாதிரி தெரியும். இப்போது அதை இறுக்கினால் கிராங்க் இன்னும் ஏறும். திரும்ப ஓட்டினால் திரும்பத் தளரும். வாராவாரம் இப்படியே செய்தால் அலுமினியத் துளை விரிந்து, ஒருநாள் விரிசல் விடும். பிராண்ட் இதையும் எச்சரித்திருக்கிறார். ஒரே ஆப்புத் தத்துவம், ஆனால் இரும்புக் கிராங்குக்கு ஒரு நியாயம், அலுமினியத்துக்கு வேறு நியாயம். புதிதாக மாட்டிய பிறகு ஒரே ஒரு தடவை, அதே அளவு இறுக்கத்தில் போல்ட் கழன்றுவரவில்லை என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். போல்ட்டின் அச்சாணி வேலைக்கு அது கழன்று விழாமல் இருந்தாலே போதும். அதனால் பிளாஸ்டிக் தூசு மூடியை வீசிவிடாமல் போட்டு வையுங்கள், தளர்ந்த போல்ட் ரோட்டில் விழாமல் அது தடுக்கும்.

சதுர முனையில் இரண்டு தரம் உண்டு: ஜப்பானின் ஜே.ஐ.எஸ்., ஐரோப்பிய வண்டிகளில் வரும் ஐ.எஸ்.ஓ. இரண்டுக்கும் 2 டிகிரிதான், ஆனால் முனையின் பருமன் வேறு. ஐ.எஸ்.ஓ. அச்சில் ஜே.ஐ.எஸ். கிராங்கை மாட்டினால் அது சுமார் 4.5 மி.மீ. கூடுதலாக உள்ளே போகும். சில சமயம் கிராங்க் இறுகுவதற்கு முன்பே அச்சின் முனை போல்ட்டின் வாஷரைத் தொட்டுவிடும். போல்ட் கல்லு மாதிரி இறுகியிருக்கும், கிராங்க் மட்டும் ஆடும். மாட்டி முடித்ததும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வாஷர் உட்காரும் படியை விட அச்சின் முனை உள்ளே தள்ளியிருக்க வேண்டும், மட்டமாக வந்துவிட்டால் அந்த ஜோடி சேராது.

விலை கூடிய சைக்கிள்களில் ஷிமானோவின் ஹாலோடெக் 2 மாதிரி ஏற்பாடு. 24 மி.மீ. பருமனுள்ள உள்கூடான அச்சு வலது கிராங்கோடு சேர்ந்தே வரும். இடது கிராங்க் மட்டும் பல் வெட்டிய முனையில் கையாலேயே ஏறும். இங்கே ஆப்பு இல்லை, கவ்விப் பிடிக்கும் இரண்டு பக்க போல்ட்டுகள்தான். நடுவில் பெரிதாகத் தெரியும் பிளாஸ்டிக் மூடியைப் பார்த்து அதுதான் முக்கியம் என்று நினைத்து முறுக்குபவர்கள் அதிகம். அதன் வேலை பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டும், 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது விரல் பலம். மூடியைப் போட்டு ஆட்டத்தை எடுத்துவிட்டு, இரண்டு பக்க போல்ட்டையும் மாற்றி மாற்றி 12-14 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் போல்ட் தளர்ந்து போயிருக்கும்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிப்பது

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு கையாலும் இரண்டு கிராங்கின் முனைகளைப் பிடித்து, சைக்கிளின் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் கிராங்கில் குற்றமில்லை, பேரிங்தான் தளர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் தனியாக ஆடினால் அந்தக் கிராங்கின் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பிறகு இரண்டையும் கிடைமட்டமாக வைத்து, இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்துங்கள், அரைச் சுற்று சுற்றி மறுபடியும் அழுத்துங்கள். காட்டர் பின் தளர்ந்திருந்தால் இதிலேயே கையில் தெரியும்.

பேரிங் என்றால், பழைய வகையில் இடது பக்கக் கப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். ஆட்டம் போகும்வரை கப்பைத் திருகி, அது அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் ரிங்கை இறுக்குவது. கிராங்க் இல்லாமல் பார்த்தால் சின்ன ஆட்டம் தெரியாது, கிராங்க் நீளமான நெம்புகோல் என்பதால் மாட்டிய பிறகு தெரிந்துவிடும். வலது கப்பில் கை வைக்கிறீர்கள் என்றால், பிரிட்டிஷ் தரத்தில் அதன் மரை தலைகீழ் என்பதை மறக்காதீர்கள்.

ஆட்டம் எதுவுமே இல்லை, சத்தம் மட்டும் வருகிறதா? சீட்டை விட்டு எழுந்து மிதியுங்கள். சத்தம் நின்றால் அது சீட்டுக் கம்பி. ஒற்றைக் காலால் மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பெடல் கட்டையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பெடல் என்றதும், இடது பெடலின் மரை ஏன் தலைகீழ் என்ற கேள்வி வரும். டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், விமானம் பறக்கவிடுவதற்கு முன்பு, 1900-ல் கழன்று வராத பெடல் என்று இதை அறிவித்தார்கள். பலர் சொல்லும் காரணம் பெடலுக்குள் இருக்கும் பேரிங்கின் உராய்வு. யோசித்துப் பார்த்தால் அது பொருந்தாது. வலது பக்கம் நின்று பார்த்தால் கிராங்க் கடிகார திசையில் சுற்றுகிறது. பெடல் கட்டை நம் காலடியில் சமமாகவே இருக்கிறது. அப்படியென்றால் கிராங்கை வைத்துப் பார்க்கும்போது கட்டை எதிர்த்திசையில் சுற்றுகிறது. பேரிங் உராய்வு பெடலின் அச்சை அதே எதிர்த்திசைக்கு இழுக்கும், அதாவது வலது மரையைக் கழற்றப் பார்க்கும்.

இறுக்குவது வேறொன்று. இடது கை விரல்களை வளையமாகத் தளர்வாக மூடி, அதற்குள் ஒரு பென்சிலைச் செருகி, மறு கையால் அதன் முனையை லேசாகப் பிடித்து வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையில் உருட்டிக்கொள்ளும். பெடல் அச்சும் மரையின் நுண்ணிய இடைவெளிக்குள் இப்படித்தான் உருளுகிறது. காலின் எடை எப்போதும் கீழ்நோக்கியே இருக்க, கிராங்க் சுற்றுவதால், துளைக்குள் அழுத்தம் விழும் இடம் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். அச்சு அதற்கு மாறாக, கடிகார திசையில் உருளும். வலது மரைக்கு அது இறுகும் திசை. பேரிங் உராய்வை விட இந்த உருளல் பலமானது. இடது பக்கம் எல்லாம் கண்ணாடிப் பிம்பம், அதனால் மரையும் பிம்பமாக இருக்க வேண்டியிருக்கிறது.

கழற்றும்போது குழப்பம் வராமல் இருக்க: ஸ்பேனரைப் பெடலில் மாட்டி, கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்படி வையுங்கள். கைப்பிடியைப் பின்சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். வலது, இடது இரண்டுக்கும் அதேதான். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் இரண்டு மூன்று சுற்றை விரலால் மட்டும் ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் ஒன்று மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, இல்லையென்றால் கையில் இருப்பது மற்றப் பக்கத்துப் பெடல்.